நெசவாளர் பாட்டத்துக்கு ஓர் அடிக்குறிப்பு: பாடப் பதிப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஷேக்ஸ்பியர் நாடகங்களைக் கல்லூரி மாணவர்களுக்காகக் குறிப்புரையோடு பதிப்பிக்கும் ஆசிரியர்களுக்கும், அவற்றை ஒட்டி வழிகாட்டி நூல்கள் எழுதும் பேராசிரியப் பெருமக்களுக்கும், வணக்கம்.

'மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தைப் பல வருடமாக இளங்கலை வகுப்புகளில் நடத்தி வருகிறேன். மாணவர்கள் கையில் இருப்பவை பெரும்பாலும் உங்கள் நூல்கள்தான். மூலத்தை எத்தனை பேர் முழுசாகப் படிக்கிறார்கள் என்பது வேறு விஷயம். உங்கள் குறிப்புகளை மட்டும் வரி விடாமல் படிக்கிறார்கள், பலர் மனப்பாடமே செய்கிறார்கள். அதனால் இந்தக் கோரிக்கையை உங்களிடமே வைக்கிறேன்.

நாடகத்தில் ஏதென்ஸ் நகரத்துத் தொழிலாளர்கள் ஆறு பேர் வருகிறார்கள். ஏதென்ஸின் கோமகன் தீசியஸின் திருமணத்தன்று நடித்துக் காட்ட, பிரமஸ், திஸ்பி என்ற காதலர்களின் சோகக் கதையை ஒத்திகை பார்க்கிறார்கள். நீங்கள் எழுதும் பாத்திர அறிமுகத்தில் தீசியஸுக்கு ஒரு பத்தி, அவர் மணக்கும் ஹிப்போலிட்டாவுக்கு ஒரு பத்தி, கிரேக்கப் புராணத்தில் அவர்கள் யார் யார் என்ற விவரமெல்லாம் இருக்கிறது. தேவதைகளின் அரசன் ஓபரான் என்ற பெயர் எங்கிருந்து வந்தது, அரசி டைட்டானியா என்ற பெயரை ரோமக் கவிஞர் ஓவிட் எங்கே பயன்படுத்தினார் என்பதுவரை சொல்கிறீர்கள். இந்த ஆறு பேரிடம் வந்ததும், வேடிக்கையான பெயர் கொண்ட படிக்காத கோமாளிகள் என்கிற மாதிரி ஒரே வரியில் முடித்துக்கொள்கிறீர்கள். பெயர் ஏன் வேடிக்கை, அதில் என்ன இருக்கிறது என்று ஒரு சொல் கிடையாது.

1600இல் அச்சான முதல் குவார்ட்டோவை, அதாவது இந்த நாடகம் தனி நூலாக வந்த முதல் பதிப்பை, பாருங்கள். ஆறு பேரும் முதன்முதலாக மேடைக்கு வரும் இடத்தில் அரங்கக் குறிப்பு ஒவ்வொருவரையும் பெயரோடும் தொழிலோடும் சேர்த்தே எழுதுகிறது. தச்சர் குவின்ஸ், இணைப்புத் தச்சர் ஸ்நக், நெசவாளர் பாட்டம், துருத்தி பழுதுபார்க்கும் ஃப்ளூட், பாத்திரம் அடைக்கும் ஸ்நவுட், தையல்காரர் ஸ்டார்வலிங். பெயரையும் தொழிலையும் ஒன்றாகக் கேட்ட லண்டன் பார்வையாளருக்கு இரண்டுக்கும் உள்ள தொடர்பு அங்கேயே புரிந்திருக்கும். நம் மாணவருக்குப் புரியாது. இடையில் 400 ஆண்டுகளுக்கு மேல் போய்விட்டன, அந்தத் தொழில்களின் சொற்களும் கூடவே போய்விட்டன. அதைச் சொல்லத்தானே குறிப்புரை?

நெசவாளர் நிக் பாட்டத்தை எடுத்துக்கொள்வோம். இன்றைய ஆங்கிலம் மட்டும் தெரிந்த மாணவருக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் பின்புறம்தான் ஞாபகம் வரும். வகுப்பில் சிரிப்பு எழும். நாடகத்தில் அவருக்கு மாயத்தால் கழுதைத் தலை வேறு முளைக்கிறது இல்லையா, அதனால் கழுதையையும் பின்புறத்தையும் முடிச்சுப் போட்டு ஒரு சிலேடையைச் சில நூல்கள் எடுத்து நீட்டிவிடுகின்றன. ஆனால் பாட்டம் என்ற சொல் உடம்பின் அந்தப் பகுதியைக் குறித்ததற்கு அகராதிகள் காட்டும் சான்றுகள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தவை. அதற்கு முன்பே பேச்சு வழக்கில் இருந்திருக்கலாம் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. சரி, இருக்கட்டும். அது ஊகம் என்று சொல்லிவிட்டு எழுதினால் எனக்குச் சண்டை இல்லை.

ஊகம் இல்லாமல் சொல்லக்கூடிய பொருள் ஒன்று இருக்கும்போது அதை விட்டுவிடுவதுதான் என் வருத்தம். ஷேக்ஸ்பியர் காலத்து நெசவில் பாட்டம் என்பது நூலைச் சுற்றிவைக்கும் உட்கட்டை. அதன்மேல் சுற்றிய நூல்கண்டுக்கும் அதே பெயர்தான். இதற்கு ஷேக்ஸ்பியரே சாட்சி. 'டேமிங் ஆஃப் த ஷ்ரூ' நாடகத்தில் தையல்காரரோடு வாக்குவாதம் செய்யும் குரூமியோ என்ற வேலைக்காரன், தான் அப்படிச் சொல்லியிருந்தால் பழுப்பு நூல்கண்டு ஒன்றால் தன்னை அடித்தே கொல்லட்டும் என்கிறான். அங்கே வரும் சொல் பாட்டம்தான். 'டூ ஜென்டில்மென் ஆஃப் வெரோனா'வில் அந்தச் சொல் வினையாகவே வருகிறது. ஒருத்தியின் காதலை ஒருவனிடமிருந்து பிரித்தெடுக்கும்போது அது சிக்கல் விழுந்து வீணாகாமல் என்மேல் சுற்றிவிடு என்று துரியோ என்ற பாத்திரம் கேட்கிறது. இரண்டும் நகைச்சுவை நாடகங்கள், இரண்டும் ஏறக்குறைய அதே காலத்தவை. நெசவாளருக்கு நூல்கண்டு என்று பெயர் வைத்தபோது ஆசிரியருக்கு இந்தப் பொருள் தெரிந்தே இருந்தது.

இதற்கு அப்புறம் ஐந்தாம் அங்கத்துக்கு வாருங்கள். பிரமஸ் வேடத்தில் இருக்கும் பாட்டம், திஸ்பி செத்துப்போனாள் என்று நினைத்து, விதியைக் கூவி அழைக்கிறார். நூலையும் 'த்ரம்'மையும் அறுத்துவிடு என்கிறார். விதி தேவதைகள் மூவர், உயிரின் நூலை அறுப்பவர்கள் என்ற கிரேக்கக் கதையை நீங்கள் தவறாமல் குறிப்பில் தருகிறீர்கள். த்ரம் என்றால் என்ன? நெய்து முடித்த துணியைத் தறியிலிருந்து அறுத்தெடுத்த பிறகு தறியிலேயே மிச்சம் நிற்கும் பாவு நூல்களின், அதாவது நீளவாக்கில் ஓடும் நூல்களின், நுனி. எந்தப் புராணத்திலும் அது இல்லை. அது பட்டறையிலிருந்து வந்த சொல். சோக நாயகனாக மேடையில் சாகும் நேரத்திலும் அந்த ஆள் நெசவாளராகத்தான் சாகிறார். என் கணக்கில் இந்த நாடகத்தின் மிக நுட்பமான நகைச்சுவைகளில் இது ஒன்று. நான் பார்த்த வழிகாட்டிகளில் இந்த வரிக்கு எதுகை மோனைக்கான கிண்டல் என்பதைத் தவிர வேறு விளக்கம் இல்லை. அந்தக் கிண்டல் உண்மைதான், ஆனால் அதோடு முடியவில்லை.

உங்கள் நூலைப் படிக்கும் பிள்ளைகளில் தறி ஓடுகிற வீடுகளிலிருந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். பாவு, ஊடை, கண்டு எல்லாம் அவர்களுக்கு வீட்டுச் சொற்கள். அந்த வரியை நம்மைவிட வேகமாகப் பிடித்துக்கொள்ளக்கூடியவர்களிடம் போய், அவர் ஒரு முட்டாள் என்று மட்டும் சொல்லிக்கொடுக்கிறோம்.

கனவு கலைந்து எழும் காட்சியிலும் பெயர் வேலை செய்கிறது. தான் கண்டதற்குப் 'பாட்டத்தின் கனவு' என்று பெயர் வைக்கப்போவதாகச் சொல்கிறார் பாட்டம், ஏனென்றால் அதற்கு அடியே, ஆங்கிலத்தில் பாட்டமே, இல்லையாம். ஆழம் காணமுடியாதது என்பது மேற்பரப்பில் தெரியும் பொருள். சுற்றிவைக்க உட்கட்டை இல்லாத நூல் என்றும் அதைக் கேட்கலாம் என்பது என் வாசிப்பு, யாரும் ஏற்கவேண்டும் என்று இல்லை. அதற்குச் சற்று முன்னால் மனிதனின் கண் கேட்டதில்லை, காது பார்த்ததில்லை என்று அவர் உளறுவது கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் என்பதை எல்லாரும் குறிக்கிறீர்கள். அதே இடத்தில் அடுத்த வசனம், டிண்டேலின் 16ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பில், ஆவியானவர் கடவுளின் இரகசியங்களின் 'பாட்டம்' வரை ஆராய்கிறார் என்று போகிறது. கோமாளியின் பெயர் வேதாகமத்தின் அந்த வரியில் இருந்ததை நாடகாசிரியர் கவனித்தாரா என்று ஆய்வாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஒரு வரியாவது மாணவருக்குத் தரலாமே.

ஜெர்மன் மொழிபெயர்ப்பாளர்கள் இதை 18ஆம் நூற்றாண்டிலேயே கவனித்துவிட்டார்கள். அவர்களுடைய நாடகத்தில் பாட்டத்தின் பெயர் செட்டல். ஜெர்மன் நெசவுத் தொழிலில் அது பாவைக் குறிக்கும் சொல். அங்கே ஆளின் பெயரை மாற்றினார்கள், தறியை விட்டு வெளியே போகவில்லை.

அடுத்தது தச்சர்கள் இருவர். இவர்களைப் பற்றி எழுதும்போது பெரும்பாலான குறிப்புகள் இரண்டு தொழிலையும் தச்சு என்றே போட்டுவிடுகின்றன. அன்றைய லண்டனில் அப்படிச் சொல்லியிருந்தால் அடிதடியே ஆகியிருக்கும். வீட்டுக்கு உத்தரம், கூரை என்று கனமான மரவேலை செய்த தச்சர்களின் சங்கத்துக்கு 1477இல் அரச சாசனம் கிடைத்தது. பெட்டி, நாற்காலி, சுவர்ப் பலகை என்று பொருத்துவேலை செய்தவர்களின் சங்கம் 1571இல் எலிசபெத் ராணியிடம் தனிச் சாசனம் வாங்கியது. யார் எந்த வேலையைச் செய்யலாம் என்ற சண்டை விடாமல் நடந்து, 1632இல் ஆல்டர்மேன்கள் எனப்பட்ட நகர மன்ற மூத்த உறுப்பினர்கள் உட்கார்ந்து தீர்த்துவைக்க வேண்டியிருந்தது. மொத்தத்தில் ஆணி அடிப்பது ஒருவர் பக்கம், பசை தடவுவதும் துளையில் நாக்கைச் செருகிப் பொருத்துவதும் இன்னொருவர் பக்கம்.

ஸ்நக் பொருத்துகிறவர். அந்தப் பெயருக்கு இடைவெளி இல்லாமல் கச்சிதமாகப் பொருந்தியது என்று பொருள். கடைசியாக அவருக்குச் சிங்க வேடத்தைக் கொடுத்துவிட்டு, இதோ ஒரு நாடகம் பொருந்திவிட்டது என்று நம்புகிறேன் என்கிறார் குவின்ஸ். பொருத்தும் தொழிலாளியின் பெயரைச் சொன்ன அதே மூச்சில் அந்த வினைச்சொல் வருவதைப் பாருங்கள். இது தற்செயல் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆறு பேரில் முதற்பெயர் இல்லாத ஒரே ஆளும் ஸ்நக்தான். பீட்டர், நிக், பிரான்சிஸ், டாம், ராபின் என்று மற்ற ஐவருக்கும் இருக்கிறது. பாடம் மனதில் ஏற நேரமாகும், சிங்கத்தின் வசனத்தை எழுதி வைத்திருந்தால் இப்போதே கொடுங்கள் என்று கேட்கிற ஆள் இவர். வெறும் உறுமல்தான், அப்படியே செய்யலாம் என்று பதில் கிடைக்கிறது.

குவின்ஸ் விஷயத்தில் நிதானம் வேண்டும். தச்சர்களும் கட்டட வேலைக்காரர்களும் பயன்படுத்திய மர ஆப்புக்கு அந்தக் காலத்தில் குவைன், குவாயின் என்ற வடிவங்கள் இருந்தன. குவின்ஸ் என்பது அதன் பன்மை என்று பல பதிப்பாசிரியர்கள் கொள்கிறார்கள். தச்சருக்கு ஆப்பு பொருத்தம்தான். ஆனால் குவின்ஸ் என்று ஒரு பழமும் இருக்கிறது. 'ரோமியோ அண்ட் ஜூலியட்'டில் கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் பேரீச்சையும் குவின்ஸும் கேட்கிறார்கள் என்று ஷேக்ஸ்பியரே எழுதுகிறார். பாட்டம், ஸ்நக் இரண்டையும் உறுதியாகச் சொல்லலாம், குவின்ஸை 'இருக்கலாம்' என்ற அளவில் நிறுத்தவேண்டும். மாணவருக்கு அந்த வேறுபாட்டைக் காட்டினாலே சொல்லாராய்ச்சி எப்படி நடக்கிறது என்பது புரிந்துவிடும்.

ஃப்ளூட் பழுதுபார்க்கும் துருத்தி கொல்லுப் பட்டறையிலும் இருந்தது, அடுப்படியிலும் இருந்தது, தேவாலயத்து ஆர்கனுக்குக் காற்று ஊதவும் இருந்தது. அந்த ஆர்கனின் குழல்கள்தான் இவர் பெயருக்குள் ஊதுகின்றன. மெல்லிய குரலுள்ள பையன், எனவே திஸ்பி வேடம். தாடி முளைக்கிறது, எனக்குப் பெண் வேடம் வேண்டாம் என்று கெஞ்சுகிறார். முகமூடி போட்டுக்கொள், குரலை எவ்வளவு சின்னதாக்க முடியுமோ ஆக்கிக்கொள் என்கிறார் குவின்ஸ். பெண் வேடங்களைப் பையன்களே ஏற்ற மேடை அது என்பதை உங்கள் முன்னுரைகளில் சொல்லியிருக்கிறீர்கள். இங்கே ஒருமுறை ஞாபகப்படுத்தினால் போதும்.

ஸ்நவுட் என்றால் மூக்கு, பன்றியின் மூக்கு, கெண்டியின் மூக்கு. ஊர் ஊராகப் போய்ப் பாத்திர ஓட்டை அடைப்பவருக்கு இந்தப் பெயர். சுவரை எப்படி மேடைக்குக் கொண்டுவர முடியும், நடக்காத காரியம் என்று ஒத்திகையில் கேட்பவர் இவர். கடைசியில் இவரே சுவராக நிற்கிறார், அதுவும் காதலர்கள் ரகசியம் பேச ஓட்டை உள்ள சுவராக. ஓட்டையை அடைத்துப் பிழைக்கும் மனிதருக்கு விரல்களை விரித்து ஓட்டை காட்டும் வேடம்! குவார்ட்டோவில் சுவரின் வசனத்தில் ஃப்ளூட் என்ற பெயர் தவறாக அச்சாகி, ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தொகுத்த 1623 ஃபோலியோவில் ஸ்நவுட் என்று திருத்தப்பட்டது. இவரைப் பற்றி இன்னொரு செய்தியும் குறிப்பில் இடம்பெறத் தக்கது. நாடோடிகளைத் தண்டிக்க இங்கிலாந்து பாராளுமன்றம் 1572இல் கொண்டுவந்த சட்டத்தில், உரிமம் இல்லாமல் சுற்றும் பாத்திரம் அடைப்பவர்களும், பிரபுக்களின் ஆதரவு இல்லாத நாடக நடிகர்களும் ஒரே பட்டியலில் இருக்கிறார்கள். ஸ்நவுட்டாக நடித்தவர் தன்னுடைய சொந்தத் தொழிலின் அண்டை வீட்டுக்காரரைத்தான் நடித்தார்.

தையல்காரர் ராபின் ஸ்டார்வலிங் எனக்கு மிகவும் பிடித்தவர். பட்டினியால் வற்றியவர் என்று பெயர். தையல்காரர்கள் ஒல்லி, சோனி, ஆண்மை குறைந்தவர்கள் என்று ஏளனம் செய்வது அந்தக் காலத்துப் பழக்கம். 'ஹென்றி நான்காம்' இரண்டாம் பாகத்தில் பெண்களுக்குத் துணி தைப்பவருக்குப் பலவீனம் என்ற பொருளில் ஃபீபிள் என்றே பெயர். ஆனால் படைக்கு ஆள் எடுக்கும் அந்தக் காட்சியில் தப்பிக்க லஞ்சம் கொடுக்காமல், மனிதன் ஒரு தடவைதான் சாகமுடியும் என்று நிமிர்ந்து நிற்பவரும் அவர்தான். ஷேக்ஸ்பியரின் குழுவில் ஜான் சிங்க்லோ என்ற மிக ஒல்லியான நடிகர் இருந்தார். வேறு சில நாடகங்களின் பழைய பிரதிகளில் அவர் பெயரே பாத்திரத்தின் இடத்தில் அச்சாகியிருக்கிறது. ஸ்டார்வலிங் அவருக்காக எழுதியது என்று பலர் ஊகிக்கிறார்கள்.

ஆனால் ஒல்லியைக் கேலி செய்வதோடு இந்தப் பெயரை விட்டுவிட முடியாது. நாடகம் எழுதப்பட்டது 1595, 1596 வாக்கில் என்று கணிக்கிறார்கள். 1594 முதல் 1597 வரை இங்கிலாந்தில் தொடர்ந்து மழை கொட்டி, விளைச்சல் பொய்த்து, தானிய விலை ஏறிக் கிடந்தது. மாடு நுகம் சுமந்தது வீண், பயிர் பச்சையிலேயே அழுகிப்போனது என்று டைட்டானியா புலம்பும் நீண்ட வசனத்துக்கு இந்தப் பின்னணியை நீங்கள் தருகிறீர்கள். 1596இல் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் பஞ்சத்தைத் தாங்க முடியாமல் கலகத்துக்குத் திட்டமிட்டவர்களின் தலைவர் பார்தலோமியூ ஸ்டியர், தொழிலால் தச்சர். அப்படிப்பட்ட வருடங்களில் மேடையில் ஒருவர் பட்டினி என்ற பெயரோடு வந்து நிற்கிறார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு வரி போதாதா?

அந்த மனிதர் நிலா வேடத்தில் கையில் விளக்கும் முட்செடியும் நாயுமாக நிற்கும் இடத்தையும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். விளக்குதான் நிலா என்று செய்யுளில் ஆரம்பிக்கிறார். சபையில் இருப்பவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் குறுக்கே பேசிக் கிண்டல் அடிக்கிறார்கள். கொம்பு எங்கே, நிலா தேய்ந்துவிட்டதா, நிலாவுக்குள் இருக்கும் மனிதன் விளக்குக்குள் அல்லவா இருக்கவேண்டும் என்று. ஒரு கட்டத்தில் ஸ்டார்வலிங் செய்யுளை விட்டுவிட்டு உரைநடையில் சொல்கிறார்: நான் சொல்லவேண்டியது இவ்வளவுதான், இந்த விளக்கு நிலா, நான் நிலாவில் இருக்கும் மனிதன், இந்த முட்செடி என் முட்செடி, இந்த நாய் என் நாய். வசனம் மறந்துவிட்டது என்று குறிப்பு எழுதுகிறீர்கள். எனக்கு அவர் கோபப்பட்டதாகத்தான் கேட்கிறது. மேடையில் நல்ல நடிகர் அந்த வரியைச் சொல்லும்போது அரங்கம் தொழிலாளியின் பக்கம் சாய்ந்துவிடும்.

பெயருக்குள் தொழிலைத் தேடுவது நம் போன்றவர்கள் கிளப்பிவிட்ட வேலை என்று யாராவது சொன்னால், மூன்றாம் அங்கத்தின் முதல் காட்சியைக் காட்டுங்கள். கழுதைத் தலையோடு இருக்கும் பாட்டத்துக்குச் சேவை செய்ய டைட்டானியா தன் தேவதைகளை அனுப்புகிறாள். பாட்டம் ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்கிறார். கோப்வெப், அதாவது சிலந்திவலை, என்றதும், என் விரல் வெட்டுப்பட்டால் உங்கள் உதவியைத் தைரியமாகக் கேட்டுக்கொள்வேன் என்கிறார். வெட்டுக்காயத்தில் ரத்தம் நிற்கச் சிலந்திவலையை வைப்பது அன்றைய கைவைத்தியம், பட்டறையில் கத்தியோடு புழங்குகிறவருக்குத் தெரிந்த வைத்தியம். மஸ்டர்ட்சீட், கடுகு, என்றதும், உங்கள் சொந்தக்காரர்கள் என் கண்ணில் தண்ணீர் வரவழைத்திருக்கிறார்கள் என்கிறார். பீஸ்பிளாசம் என்ற பட்டாணிப் பூவிடம் அவருடைய தாயையும் தகப்பனையும் விசாரிக்கிறார், காயையும் நெற்றையும் பெற்றோராக்கி. பெயரைக் கேட்டால் அந்தப் பொருள் எதற்கு உதவும் என்று யோசிப்பவர் பாட்டம். நாடகத்தில் பெயர்களை இப்படி வாசிக்கிற ஒரே ஆள் நெசவாளர். காட்டில் அலைகிற பிரபு வீட்டுக் காதலர்கள் தேவதைகளைப் பார்க்கக்கூட இல்லை.

கிரேக்க நாட்டு ஏதென்ஸில் நிக், டாம், ராபின் என்ற ஆங்கிலப் பெயர்க்காரர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று மாணவர்கள் கேட்பார்கள். இங்கிலாந்தின் நகரங்களில் நூற்றாண்டுகளாகக் கைத்தொழில் சங்கங்கள்தான் வேதாகம நாடகங்களை நடத்தின என்பதைச் சொல்லவேண்டிய இடம் இது. தொழிலுக்கு ஏற்ற கதை என்ற ஒரு பழக்கமும் இருந்தது. யார்க் நகரில் நோவாவின் பேழை கட்டும் நாடகம் கப்பல் கட்டுகிறவர்களுடையது. ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டிலிருந்து சுமார் 20 மைல் தூரத்தில் இருக்கும் கவென்ட்ரியில் இந்த நாடகங்கள் 1579 வரை நடந்தன, அப்போது அவருக்கு 15 வயது. கவென்ட்ரி நாடகங்களில் இன்று நமக்குக் கிடைத்திருப்பவை இரண்டுதான். ஒன்று நெசவாளர்களுடையது, மற்றது துணி கத்தரிப்பவர்களும் தையல்காரர்களும் சேர்ந்து நடத்தியது. இரண்டாவதில் ஏரோது மன்னன் மேடையிலும் கத்துகிறான், தெருவில் இறங்கியும் கத்துகிறான், அரங்கக் குறிப்பே அப்படித்தான் சொல்கிறது. எனக்குக் கொடுங்கோலன் வேடம்தான் பிடிக்கும், பூனையைக் கிழிக்கிற மாதிரி நடிப்பேன் என்று பாட்டம் சொல்வதை இதன் பக்கத்தில் வைத்துப் படித்தால் அந்த ஆள் எந்த மரபின் கடைசி வாரிசு என்பது தெரியும். ஷேக்ஸ்பியர் அந்த நாடகங்களை நேரில் பார்த்ததற்குப் பதிவு இல்லை. ஆனால் ஏரோதுவையும் மிஞ்சிக் கத்துகிறவர்களைப் பற்றி 'ஹாம்லெட்'டில் குறை சொல்கிறார்.

இப்போது என் மனத்தாங்கலுக்கு வருகிறேன். இந்த ஆறு பேரைக் கோமாளிகள், முரட்டு மெக்கானிக்கல்கள் என்று அழைப்பது யார்? மெக்கானிக்கல் என்ற சொல் ஓபரானின் ஏவலாளான பக்கின் வாயிலிருந்து வருகிறது, கூலிக்குப் பட்டறையில் உழைக்கும் கூட்டம் என்று அதே மூச்சில் சொல்கிறான். இன்றுவரை மூளைக்கு வேலை கொடுக்காத, கை காய்த்த மனிதர்கள் என்று சொல்வது அரண்மனைக் கேளிக்கை அதிகாரி ஃபிலோஸ்ட்ரேட். குறும்புக்காரக் குட்டிப் பேயும் அரண்மனை ஊழியரும் சொன்ன ஏளனத்தை எடுத்து, நாடகத்தின் தீர்ப்பு என்று நீங்கள் அச்சிடுகிறீர்கள். தேர்விலும் அதுவே கேள்வியாகிறது. தீசியஸ் அந்த அதிகாரியின் பேச்சைக் கேட்டபிறகும் இந்த நாடகத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார் என்பதைக்கூட விடை எழுதும் மாணவர் கவனிப்பதில்லை. பாட்டம் காணாமல் போனபோது ஃப்ளூட் அழுவது, நாளுக்கு ஆறு பென்ஸ் ஆயுள் முழுக்கக் கிடைத்திருக்குமே என்றுதான். உழைத்துத் தின்பவர்களின் கணக்கு அது. இவர்களைப் பற்றி எழுதியவர் கையுறை தைக்கும் ஜான் ஷேக்ஸ்பியரின் மகன்.

இவர்களைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்று நான் சொல்லவரவில்லை. நாடகமே சிரிப்பதற்குத்தான். 1600 குவார்ட்டோவிலேயே மூன்றாம் அங்கத்தில் இவர்கள் நுழையும்போது கோமாளிகள் நுழைகிறார்கள் என்றுதான் போட்டிருக்கிறது. பாட்டமாக முதலில் நடித்தவர் அன்றைய பெரிய கோமாளி நடிகர் வில் கெம்ப் என்பதே பொதுவான கருத்து. ஆனால் எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று தெரிந்து சிரிக்கலாம். தங்கள் தொழிலில் தேர்ந்தவர்கள், தங்களுக்குத் தெரியாத தொழிலில் தடுமாறுவது ஒரு சிரிப்பு. படிக்காதவர்கள், அதனால் முட்டாள்கள் என்பது இன்னொரு சிரிப்பு. பெயர்களின் பொருள் தெரிந்தால் முதல் சிரிப்புக்கு வழி பிறக்கும்.

நான் கேட்பது பெரிய வேலை இல்லை. அடுத்த பதிப்பில் பாத்திரப் பட்டியலில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே தொழிலோடு இரண்டு வரி சேருங்கள். எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துச் சொல்லுங்கள். ஃப்ளூட்டின் தொழிலுக்கு வெறும் பழுதுபார்ப்பவர் என்று எழுதாமல் துருத்தி எப்படி இருக்கும் என்று ஒரு சின்னப் படம் போடுங்கள், இன்றைய மாணவர்கள் பலர் அதைப் பார்த்ததே இல்லை. உங்கள் நூல்கள் தமிழிலும் சுருக்கம் தருகின்றன. அங்கே ஆப்பு, துருத்தி, கண்டு, பாவு என்ற சொற்கள் தயாராகவே இருக்கின்றன, எதற்கும் புதுச்சொல் உருவாக்க வேண்டியதில்லை. வினாத்தாள் எடுப்பவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். தொழிலாளர்களின் அறியாமை எப்படி நகைச்சுவையாகிறது என்று வருடா வருடம் கேட்பதற்குப் பதில், பெயருக்கும் தொழிலுக்கும் அவர்கள் ஏற்கும் வேடத்துக்கும் உள்ள தொடர்பை விளக்குக என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வேறு எதற்கும் இடம் இல்லை என்றால், ஐந்தாம் அங்கத்தில் த்ரம் என்ற சொல்லுக்கு மட்டுமாவது ஒரு அடிக்குறிப்பு போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நூல்களை வைத்துப் பாடம் நடத்தும் ஓர் ஆங்கில ஆசிரியர்